மேலங்கிக்கு உரியவர் யார்?

விலைகொடுத்து வாங்கிய பொருள் வாங்கியவனுக்கே சொந்தம் என்பது சந்தை வழக்கு. அப்பொருளின் உள்ளே இன்னொருவருடைய பெயர் எழுதப்பட்டிருந்தால் என்ன சொல்வீர்கள்? வாசகரே, ஒரு பழைய தோல் மேலங்கியை வைத்து இதைச் சற்றுச் சிந்திப்போம்.

அமெரிக்க இராணுவ விமானப் பிரிவு 1931ஆம் ஆண்டில் தன் விமானிகளுக்கென ‘ஏ-2’ என்னும் மேலங்கியை ஏற்றுக்கொண்டது. பெரும்பாலானவை குதிரைத் தோல். சில ஆட்டுத் தோல். முன்னே சிப், மணிக்கட்டிலும் இடுப்பிலும் கம்பளிப் பின்னல். இரண்டாம் உலக மகாயுத்தத்தின்போது விமானிகள் அதன் முதுகில் தங்கள் விமானத்தின் பெயரைத் தீட்டினார்கள். சென்று மீண்ட ஒவ்வொரு தாக்குதலுக்கும் ஒரு சிறு குண்டையும் வரைந்துகொண்டார்கள். இங்கிலாந்திலிருந்து பறந்த எட்டாவது விமானப்படையில் மட்டும் 26,000 பேருக்கு மேல் மாண்டனர். 25 தடவை பறந்தால் வீடு திரும்பலாம் என்றிருந்த விதி, 1944இல் 30 ஆகிப் பின்னர் 35 ஆயிற்று. அச்சிறு குண்டுகள் அலங்காரமல்ல. இருபது வயது இளைஞன் தன் ஆயுளை எண்ணிய கணக்கு.

இன்று இவற்றைத் தேடி வாங்குவோர் உளர். அவர்களுள் ஒரு சாரார் அணிந்தவரையும் தேடுகின்றனர். மார்பில் தைத்த பெயர்ப்பட்டை இருந்தால் வேலை எளிது. இல்லையேல் உட்புறத்தில் சலவைக் குறியைப் பார்க்கவேண்டும்: குடும்பப் பெயரின் முதலெழுத்தும் படை இலக்கத்தின் கடைசி நான்கு எண்களும். திரும்பி வராத விமானங்கள் பற்றிய அறிக்கைகளில் குழுவினரின் பெயர்களும் உறவினர் முகவரிகளும் உண்டு. ஆயின் 1973 யூலை 12ஆம் திகதி சென்ற் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில் மூண்ட தீ 160 முதல் 180 இலட்சம் வரையான கோவைகளை விழுங்கிவிட்டது. அக்காலத்து விமானிகள் தரைப்படையின் பகுதியினராதலால் அவர்களுடைய கோவைகளிற் பெரும்பகுதியும் அதில் அழிந்தது. எனவே சிலரைப் பற்றிச் சாட்சி சொல்ல எஞ்சியவற்றுள் இத்தோலும் ஒன்று.

ஆனால் பெயர் தெரிந்த மேலங்கிக்கு விலையும் கூடுகிறது. தேடுபவர் மனிதரைத் தேடுகிறாரா, பணத்தைத் தேடுகிறாரா? ஒரே உள்ளத்தில் இரண்டும் இருக்கக் கூடும். அதற்காக அவரைப் பழிக்க நான் துணியேன். வெறும் மேலங்கியில் புதிதாகப் படம் தீட்டி, பொய்ப் பட்டை தைத்து விற்பவர்களின் கதை வேறு. பொய்ச்சாட்சி பற்றிய எட்டாம் கட்டளை இறந்தோருக்கும் பொருந்தும்.

உபாகமம் 22ஆம் அதிகாரத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. அயலானின் மாட்டையோ ஆடையையோ கண்டெடுத்தவன் காணாதவன்போற் போகலாகாது; உரியவன் யாரென்று தெரியாவிடின், அவன் தேடி வருமட்டும் தன் வீட்டில் வைத்துக் காக்கவேண்டும். யாத்திராகமமோ இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. ஏழையின் மேலாடையை அடைமானமாகப் பெற்றவன், பொழுது சாயுமுன் அதைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். அவனுக்கு அதில் உரிமை இல்லையென்று அச்சட்டம் சொல்லவில்லை. உரிமையோடு பெற்றதையும் கொடு என்கிறது.

“அந்தக் குடும்பம்தானே விற்றது!” என்பீர்கள். உண்மைதான். தகப்பன் இறந்தபின் வீட்டைக் காலிசெய்யும் பிள்ளைகள், பெட்டிக்குள் இருப்பதைப் பாராமலே விற்றுவிடுவதுண்டு. நீதியின்படி வாங்கியவர் எதற்கும் கடமைப்பட்டவரல்லர். அன்பின்படி? அறிவிக்கவாவது வேண்டும் என்பது என் எண்ணம். அவர்கள் கேட்டால், தாம் கொடுத்த விலைக்கே கொடுக்கலாம். வேண்டாமென்றால் வற்புறுத்தாமல் விலகவேண்டும். காணாமற்போன மகனின் சேட்டு ஒன்றை மடித்து வைத்திருக்கும் தாய்மார் நம் ஊர்களிலும் உண்டு. அவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இன்னுமொரு கேள்வி இருக்கிறது. எனக்கு இதுவே கடினமானது. 1943ஆம் ஆண்டின் கடைசியில் ஜேர்மனியரிடம் பிடிபட்ட ஓர் அமெரிக்க விமானியின் முதுகில் ‘மேர்டர் இன்க்’, அதாவது கொலைக் கம்பனி என்று எழுதியிருந்தது. அது அவர் பறந்த விமானத்தின் பெயர்; அமெரிக்கக் கொலைகாரக் கும்பலொன்றுக்குப் பத்திரிகைகள் சூட்டியிருந்த பெயர். ஜேர்மன் பிரசாரகர் அவரது படத்தை வெளியிட்டு, பகைவன் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டான் என்று முழங்கினர். நாசிகள் செய்ததை அறிந்த எவரும் அம்முழக்கத்தை ஏற்கமாட்டார். எனினும் அந்தக் குண்டுகள் மனிதர் வாழ்ந்த இடங்களில் விழுந்தன. முழு நகரங்களையும் குடிமக்களோடு அழிக்கும் போர்ச்செயல் கடவுளுக்கும் மனிதனுக்கும் எதிரான குற்றமென 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தீர்ப்பளித்ததை நாம் மறக்கலாகாது.

ஆதலால் அப்படங்களை அழித்துவிடலாமா? அது இன்னொரு பொய். மேலங்கியை வைத்திருப்பவர் தேடலை விமானியின் வீட்டு வாசலோடு நிறுத்தாமலிருக்கலாம். படைப்பிரிவுகளின் தாக்குதற் பட்டியல்களில் திகதியும் இலக்கும் பதிவாகியுள்ளன. முதுகில் 25 குண்டுகள் இருந்தால், 25 இடங்களைத் தேடி எழுதி, அணிந்தவரின் பெயரோடு அந்தத் தாளையும் மேலங்கியின் உட்பையில் வைக்கலாம்.