விளையாட்டில் சொல்லும் பொய்

ஐப்பசி அடைமழையில் குரங்கணி மலைச்சரிவில் பனிமூட்டம் இறங்கிவிட்டால் பிள்ளைகள் வீட்டுக்குள் அடைந்துவிடுவார்கள். முன்பெல்லாம் தாயக்கட்டமும் கேரமும் இருந்தன. இப்போது பேரம் பேசி, கூட்டுச் சேர்ந்து, ஒருவரையொருவர் ஏமாற்றி வெல்லும் பலகை விளையாட்டுகள் நம் இல்லங்களிலும் நுழைந்துள்ளன. இவை கூடுமா என்று பெற்றோர் கேட்கிறார்கள்.

பணம் வைத்தால் அது சூது. அதில் பேச்சுக்கே இடமில்லை. பகடை உருட்டும் நர்து ஆட்டத்தை நாயகம் (ஸல்) அவர்கள் வன்மையாகக் கண்டித்தது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. பகடையில்லாத சதுரங்கத்தையும் ஹனஃபி ஆலிம்கள் வெறுத்தனர். பந்தயமும் தொழுகை தவறுதலும் இல்லையெனில் ஷாஃபிஈ மத்ஹபில் அது மக்ரூஹ் என்ற அளவில் நிற்கிறது. ஆனால் இங்கே கேள்வி பகடையைப் பற்றியதல்ல, நாவைப் பற்றியது.

அமெரிக்கரான ஆலன் கால்ஹேமர் 1959-ல் வெளியிட்ட ‘டிப்ளமசி’ ஆட்டத்தைப் பாருங்கள். 7 பேர், 7 வல்லரசுகள், பகடை கிடையாது. தனியே அழைத்துப் போய் வாக்குக் கொடுக்கலாம், அடுத்த நிமிடமே மீறலாம், விதி தடுப்பதில்லை. “எல்லாரும் தெரிந்துதானே உட்கார்ந்தோம், யார் இங்கே ஏமாந்தது?” என்பார்கள் வாலிபர்கள். இந்த வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஆயினும், பிறரைச் சிரிக்க வைப்பதற்காகப் பொய் சொல்பவனுக்குக் கேடுதான் என்று பெருமானார் (ஸல்) எச்சரித்தார்களே! அங்கே கேட்பவனும் பெரும்பாலும் தெரிந்துதானே சிரிக்கிறான்? பேரீச்சம்பழம் தருவதாகக் குழந்தையை அழைத்த தாயிடம், கொடுக்காமலிருந்தால் அதுவும் பொய்யாகவே எழுதப்பட்டிருக்கும் என்றார்கள். போர், சமாதானம் செய்து வைத்தல், கணவன் மனைவி பேச்சு ஆகியவற்றுக்கு ஹதீஸில் சலுகை உண்டு. விளையாட்டு அந்தப் பட்டியலில் இல்லை.

அப்படியானால் கையிலுள்ளதை எல்லாம் காட்டிவிட வேண்டுமா? இல்லை. மறைப்பது வேறு, பொய் வேறு. படை புறப்படும்போது நாயகம் (ஸல்) அவர்கள் போகுமிடத்தை வெளிப்படையாகச் சொல்லாமல், கேட்போர் வேறு திசையை நினைக்கும்படி பேசுவார்கள் என்றும், ஹிஜ்ரி 9-ல் தபூக் பயணத்தை மட்டும் தெளிவாக அறிவித்தார்கள் என்றும் கஅப் இப்னு மாலிக் (ரலி) அறிவிக்கிறார்கள்.

இந்த வேறுபாடு நம் போடிக்காரர்களுக்குப் புதிதல்ல. ஏலக்காய்க்கும் ஏலம், விற்கும் முறைக்கும் ஏலம் என்று ஒரே சொல் வழங்கும் ஊர் இது! வியாபாரி மாதிரிக் காயைக் கையில் வாங்கிப் பார்க்கிறார். 8 மி.மீ. காய்க்கு எதுவரை போகலாம் என்று மனத்தில் ஒரு விலை வைத்திருக்கிறார். அதை அவர் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வாங்கும் எண்ணமே இல்லாமல், அடுத்தவரை ஏற்றிவிடுவதற்காக விலை கேட்டால் அது ‘நஜ்ஷ்’. நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்த செயல் அது.

பலகையிலும் இதே கோட்டைப் போடலாம் என்பது நம் கருத்து. சீட்டை மறைக்கட்டும், மௌனமாக இருக்கட்டும், எதிரியை யோசிக்க விடட்டும். வாக்குக் கொடுத்து முறிப்பதை விதியிலிருந்தே எடுத்துவிட்டு ஆடலாம். ஆட்டம் கொஞ்சம் சப்பென்று போகும்தான், போகட்டுமே. ‘வல்லாஹி’ என்ற சொல் பலகையருகே வரவே கூடாது. இன்னொன்று: அண்ணன்மாரோடு உட்காரும் 6 வயதுத் தம்பிக்கு “தெரிந்துதான் உட்கார்ந்தோம்” என்ற வாதம் பொருந்தாது. அவன் அண்ணனின் வாக்கை வாக்கென்றே நம்புகிறான்.