பொம்மை உலைக்கும் குங்குமமா?

ஆயுத பூஜையன்று எந்தப் பொருளுக்குச் சந்தனமும் குங்குமமும் இடவேண்டும், எதை விட்டுவிடலாம் என்ற கேள்வி, கேட்ட மாத்திரத்தில் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றினாலும், சற்று நின்று ஆராய்வோமானால், நம் தத்துவ சாஸ்திரங்கள் நெடுங்காலமாக வழக்காடிவரும் காரண காரிய விவகாரத்திலே நம்மைக் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது. மலேசியாவின் மலாக்கா மாநிலத்து ரெம்பியாவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தலைமுறையினர், அன்றைய தினம் பால்வெட்டுக் கத்தியையும் அதைத் தீட்டும் கல்லையும் கழுவிப் பொட்டிட்டு வைத்தார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகு, குலை அறுக்கும் அரிவாளும், டிராக்டரும், பிள்ளைகள் ஓட்டும் மோட்டார் சைக்கிளும் அந்த வரிசையில் வந்து சேர்ந்தன. இவற்றைப் பற்றி எவருக்கும் ஐயம் எழுந்ததில்லை. அண்மையில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் எழுந்தது. நவராத்திரிக்குக் கொலு வைக்கும் அந்த வீட்டின் பையன், பிளாஸ்டிக் கட்டைகளைக் கொண்டு தானே கட்டிய ஒரு கொல்லன் உலைக்களத்தைக் கீழ்ப்படியில் வைத்திருந்தான். ஒன்பதாம் நாள், கத்தி கபடாவுக்கெல்லாம் பொட்டு வைத்து வரும்போது, "இதுக்கும் வைங்க பாட்டி" என்றான். "வேலை செய்யிற சாமானுக்குத்தான்டா பொட்டு, வெளையாட்டுச் சாமானுக்கு எதுக்கு?" என்றார் பாட்டி. தாயாரோ, பிள்ளை ஆசையாகக் கேட்கிறான், வைத்தால் என்ன குறைந்துபோகிறது என்றார்.

பாட்டியின் வாக்கில் ஒரு சித்தாந்தமே அடங்கியிருக்கிறது. ஆனால் அதற்கு முன் அந்த உலைக்களத்தைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்க்க வேண்டும். சாம்பல் நிறக் கட்டைகளால் சுவரும் புகைபோக்கியும் எழுப்பி, உலைக்குழியிலே செம்மஞ்சள் நிறமுடைய கண்ணாடித் துண்டுகள் போன்ற சிறு வில்லைகளைக் கங்காகக் கொட்டி, கறுப்புத் துண்டுகள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திப் பட்டடையாக நிறுத்தி, பக்கத்திலே கீல் வைத்த தவிட்டு நிறத் தகடு ஒன்றைத் துருத்தியாக அமைத்திருந்தான். விரலால் அழுத்தினால் துருத்தி ஏறி இறங்குகிறது, காற்று வருவதில்லை. சம்மட்டியும் குறடும் அரிசி மணியைக் காட்டிலும் சற்றே பெரியவை. ஒன்றும் விடுபடவில்லை, தீயைத் தவிர.

இந்தக் கட்டைகளின் பிறப்பிடமும் ஒரு தச்சுப் பட்டறைதான் என்பது கவனிக்கத்தக்கது. டென்மார்க் தேசத்தில் பில்லுண்ட் என்னும் சிற்றூரிலே, ஓலெ கிர்க் கிறிஸ்டியன்சன் என்ற தச்சர், வேலை குறைந்துபோன 1932ஆம் ஆண்டில் மரப் பொம்மைகள் செய்யத் தொடங்கினார். பின்னாளில் லெகோ என்று உலகறிந்த அந்தக் கட்டைகளின் இன்றைய வடிவத்துக்கு 1958 ஜனவரி 28இல் காப்புரிமை கோரப்பட்டது. அவர் தெய்வபக்தி மிகுந்தவர். மர வாத்துகளுக்கு மூன்று பூச்சு வார்னிஷ் அடிக்க வேண்டியதை இரண்டோடு நிறுத்திச் செலவு மிச்சம் பிடித்துவிட்டேன் என்று பெருமை பேசிய மகனை, ரயிலடிக்குத் திருப்பி அனுப்பிச் சரக்கை மீட்டு வரச் செய்து, மூன்றாம் பூச்சையும் அடிக்கவைத்தார் என்பது அந்தக் கம்பெனியாரே இன்றளவும் சொல்லிவரும் கதை. விசுவகர்மாவின் ஐந்து முகங்களிலிருந்து கொல்லன், தச்சன், கன்னான், கல்தச்சன், தட்டான் என்ற ஐவரும் தோன்றினர் என்று கொள்ளும் நம் மரபிலே பிறந்த ஓர் ஆசாரியும் வேறு விதமாகச் செய்திருக்க மாட்டார். அக்கம்பெனியாரே 2021இல், ரசிகர் ஒருவரின் யோசனையை ஏற்று, 2,164 துண்டுகள் கொண்ட ஐரோப்பிய மத்தியகாலக் கொல்லன் பட்டறை ஒன்றை வெளியிட்டார்கள். அதன் உலையில் அழுத்தினால் ஒளிரும் விளக்குத் துண்டும் உண்டு. நம் பையனிடம் அது இல்லை; பல பெட்டிகளில் மிஞ்சியவற்றைக் கொண்டே கட்டியிருந்தான். அதனாலேயே எனக்கு அது மேலாகப் பட்டது.

பொம்மை என்பதனாலே மட்டும் அதைத் தள்ளிவிட முடியாது. நிலையற்ற பொருளாலானது என்பீர்களானால், மண்ணாலும் மணலாலும் அரிசியாலும் செய்து, பூஜை முடிந்ததும் விட்டுவிடுகிற க்ஷணிக லிங்கத்தை ஆகமங்களே அங்கீகரித்திருக்கின்றன. விளையாட்டு என்பீர்களானால், ஈசுவரன் பிரபஞ்சத்தைப் படைத்ததே லீலையென்று பிரம்ம சூத்திரம் கூறுகிறது. கடவுளுக்கு ஒவ்வும் விளையாட்டு பையனுக்கு ஒவ்வாது போகுமோ? இந்தத் தடைகள் எல்லாம் எளிதில் விழுந்துவிடுகின்றன. விழாத தடை ஒன்று உண்டு. அது அந்த உலைக்களம் எங்கே இருக்கிறது என்பது.

மறுநாள் பையன் அதைக் கலைத்துப் பெட்டியில் கொட்டிவிடுவான். ஒரு துண்டும் குறையாது. ஆயினும் உலைக்களம் இராது. மிலிந்த மன்னனிடம் பௌத்தத் துறவியாகிய நாகசேனர் தேரைக் காட்டி, அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என்று வினவி, உறுப்புகளின் கூட்டத்துக்கு நாம் இட்ட பெயரே தேர் என்று நிறுவிய வாதம் இங்கே அப்படியே பொருந்துவதாகத் தோன்றும். நையாயிகர் இதை ஒப்பமாட்டார். நூல்களில் இல்லாத ஆடை என்னும் புதுப் பொருள் நெய்தபின் பிறக்கிறதென்றும், அவயவங்களுக்கு வேறான அவயவி ஒன்று உண்டென்றும் அவர் சாதிப்பார். சைவ சித்தாந்தியோ, காரியம் காரணத்திலே முன்னமே சூக்குமமாக உள்ளது, இல்லது தோன்றாது என்று தொடங்கி, மண்ணாகிய முதற்காரணமும் சக்கரமாகிய துணைக்காரணமும் இருந்தாலும் குயவனாகிய நிமித்த காரணம் இன்றிக் குடம் வராதென்று முடிப்பார். எட்டுக் குமிழ் கொண்ட ஒரே நிறக் கட்டைகள் ஆறே ஆறு இருந்தால் அவற்றை 915,103,765 வகையாகப் பொருத்தலாமென்று கணித அறிஞர்கள் எண்ணிச் சொல்லியிருக்கிறார்கள். பெட்டிக்குள்ளே உலைக்களம் மட்டுமா சூக்குமமாக உறங்குகிறது? கணக்கற்ற மாளிகைகளும் மாட்டு வண்டிகளும், எவரும் பெயரிட முடியாத கோணல் வடிவங்களும் உடன் உறங்குகின்றன. அவற்றுள் இதை மட்டும் எழுப்பியது பையனுடைய சங்கல்பம். ஆகவே, கலைத்த பின் உலைக்களம் எங்கே போயிற்றென்று கேட்டால், வந்த இடத்துக்கே போயிற்று என்பேன். நாகசேனரின் வாதம் தேரைப் பிரிப்பதிலே வல்லது; பிரிக்கப்பட்ட தேரை மறுபடி பூட்ட யார் வரவேண்டும் என்பதை அது கேட்பதில்லை.

இனி மெய்யான உலைக்கு வருவோம். மலாக்கா நகரத்திலே, இரும்புக் கொல்லர் பெயரால் ஜாலான் துக்காங் பெசி என்றும், பொற்கொல்லர் பெயரால் ஜாலான் துக்காங் எமாஸ் என்றும் வழங்கும் தெருக்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. பின்னதிலேதான், டச்சுக்காரர் கொடுத்த நிலத்தில் 1781இல் மலாக்காச் செட்டிகள் எழுப்பிய பொய்யாத விநாயகர் கோயில் நிற்கிறது. அத்தகைய தெருவிலே ஒரு கொல்லன் அரிவாள் அடிக்கும்போது நிகழ்வது பொருத்துதல் அன்று. இரும்பு செக்கச் சிவந்து இளகி நிற்கும் சில நொடிகளுக்குள் அடி விழவேண்டும்; விழுந்த அடியைத் திரும்ப எடுக்க முடியாது. வடித்ததை நீரில் தோய்த்தால் கடினமாகும், ஆனால் கண்ணாடிபோல் உடையும்; ஆகையால் மறுபடி இளஞ்சூடு காட்டி, வைக்கோல் நிறம் ஓடி ஊதாவாகி நீலமாகும் முன், எந்த நிறத்தில் நிறுத்துவதென்று கண்ணாலே தேர்ந்து நிறுத்தவேண்டும். அந்தப் பதம் இரும்புக்குள்ளே போய் இருந்துவிடுகிறது. அடித்த ஆசாரி இறந்துபோனாலும் அரிவாள் அறுக்கும். அவர் பெயரையே அறியாதவன் கையிலும் அறுக்கும். காய்ச்சிய இரும்பு சுடுவதைப் பார்த்து, சூடு இரும்பினுடையதன்று, உட்புகுந்த அக்கினியினுடையது என்று காட்டி, ஆன்மாவின் ஒளியை உடல் தனதாகக் கொள்வதை வேதாந்திகள் விளக்குவார்கள். எனக்கு அதனினும் வியப்பு, சூடு ஆறிய பின்னும் இரும்பில் தங்கிவிடுகிற கொல்லனுடைய கிரியா சக்தி.

பாட்டி சொன்னதன் உட்பொருள் இதுவே. ஆயுதத்துக்கு இடும் பொட்டு அதன் உருவத்துக்கு உரியதன்று. செய்தவனை விட்டு நீங்கிப் பொருளிலே குடிகொண்டு, பிறர்க்கு உதவும் சக்திக்கு உரியது. பொம்மைப் பட்டடையின்மேல் எதையும் வைத்து அடிக்க முடியாது. பையன் கண்ணைத் திருப்பிக்கொண்டால் அது மூன்று கறுப்புத் துண்டுகளே. அது ஒரு பிரதிமை. பிரதிமைக்கு உரிய இடம் கொலுப்படி. அங்கே செட்டியார் பொம்மைக்கும் மரப்பாச்சிக்கும் கிடைக்கும் கௌரவம் அதற்கும் உண்டு. ஆனால் பாட்டி ஒன்றைக் கவனிக்காமல் விட்டுவிட்டார். அந்தக் கட்டைகள் ஒன்றையொன்று கவ்விப் பிடிக்கின்றனவே, அந்தப் பிடி பொம்மையன்று. ஏறத்தாழ 230 பாகை செல்சியசில் உருகிய பிளாஸ்டிக்கை, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குகூடப் பிசகாத எஃகு அச்சுகளில் செலுத்தி வார்ப்பதனாலேயே, 1958இல் வார்த்த கட்டையோடு இன்று வார்த்த கட்டையும் பொருந்துகிறது. தீயே இல்லாத உலைக்களம் என்று முன்னே சொன்னேன். அதன் ஒவ்வொரு துண்டும் தீயையும் இரும்பையும் கடந்தே வந்திருக்கிறது. எஃகை அறுத்து அச்சு செய்தவன் சக்தி அதனுள் இருக்கிறது. பையன் கைக்கு அது ஆயுதமாகவே பயன்படுகிறது, பால்வெட்டுக் கத்தி அவன் பாட்டனார் கைக்குப் பயன்பட்டதுபோல.

ஆகையால் என் தீர்ப்பு, பாட்டிக்கும் தாயாருக்கும் பாதிப் பாதியாகத்தான் முடிகிறது. கட்டி முடித்த உலைக்களத்துக்குப் பொட்டு வேண்டாம். அது கொலுவில் வீற்றிருக்கட்டும். கட்டைகள் கிடக்கும் பெட்டியை அரிவாளுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் பக்கத்தில் வைத்து, சந்தனம் தொட்டுக் குங்குமம் இடுங்கள். ஆயுத பூஜையன்று தொழிற்கருவியைத் தொடுவதில்லை என்ற விதியை அன்று ஒரு பொழுது பையனும் காக்கட்டும்; விஜயதசமிக் காலையில் கொலுவை எடுக்கும்போது, உலைக்களத்தை அவன் கையாலேயே கலைக்கச் சொல்லி, அடுத்ததாக எதைக் கட்டப் போகிறானோ அதன் முதற் கட்டையை அப்போதே வைக்கச் செய்யுங்கள்.