வரைபும் வாய்மையும்

ஒரு கம்பனியின் ஆண்டறிக்கையைப் புரட்டுவோருட் பெரும்பாலார் எண்களை வாசிப்பதிலும் பார்க்க வரைபுகளையே நோக்குகின்றனர். அவ்வரைபுகள் ஒரே நிறவரிசையில், ஒரே எழுத்துருவில், கம்பனியின் இலச்சினையோடு இயைந்து காணப்படும். இதற்கெனத் தனி விதிநூல்களையே வகுத்துக்கொண்ட நிறுவனங்களும் உள. இது வெறும் அலங்காரம் பற்றிய செய்தியன்று. எண்ணைப் படமாக்கும் நிறுவனம் யாருக்குக் கடமைப்பட்டுள்ளது? தன் முகத்துக்கா, பார்ப்போரின் அறிவுக்கா? இவ்வினா அறவியலின்பாற் பட்டதாகும்.

ஒருமைப்பாடு தன்னளவில் நன்மையே. ஒரு நிறம் எங்கும் ஒரே பொருளைக் குறிக்குமாயின், பார்ப்போர் ஒரு முறை கற்றதைக் கொண்டே எல்லா வரைபுகளையும் வாசித்துவிடலாம். இதனை நன்குணர்ந்தவர் ஒஸ்திரிய மெய்யியலாளரான ஓட்டோ நொய்ராத். 1925ஆம் ஆண்டில் வியன்னா நகரிற் சமூக, பொருளாதார நூதனசாலையை நிறுவிய அவர், மரீ ரைடமைஸ்டர், ஓவியர் கெர்ட் ஆர்ன்ட்ஸ் ஆகியோருடன் இணைந்து, பின்னர் ஐசோடைப் எனப் பெயர்பெற்ற படமொழியை உருவாக்கினார். சாதாரண தொழிலாளியும் புள்ளிவிபரங்களை விளங்கிக்கொள்ளல் வேண்டும் என்பதே அதன் நோக்கம். அதன் தலையாய விதி எளிமையானது: பெருந்தொகையைக் காட்டக் குறியைப் பெருப்பித்தலாகாது, குறிகளின் எண்ணிக்கையையே கூட்டுதல் வேண்டும். குறியொன்றின் உயரத்தையும் அகலத்தையும் இருமடங்காக்கின் அதன் பரப்பு நான்கு மடங்காகிவிடும். இரண்டைச் சொல்லவந்த படம் நான்கைச் சொல்லிவிடும். எனவே அவ்விதி அழகு பற்றிய விதி மட்டுமன்று. பொய் புகாது தடுக்கும் வேலியுமாகும்.

ஆயின் வடிவம் இடம்பெயரும்போது வாய்மையும் உடன் செல்லும் என்பதற்கு உறுதி யாதுமில்லை. 1931இல் சோவியத் அரசு மொஸ்கோவில் இஸோஸ்டாட் என்னும் நிலையத்தை அமைத்து, வியன்னாக் குழுவினரின் உதவியைப் பெற்றது. 1934இல் அத்தொடர்பு முடிவுற்றது. அதே பாணிக் குறிகளும் வரிசைகளும் ஐந்தாண்டுத் திட்டங்களின் பிரசாரத்துக்குத் தொடர்ந்தும் பயன்பட்டன. பாணியை இரவல் பெறலாம். நேர்மையை இரவல் பெற இயலாது.

இங்கு இருவகை ஒருமைப்பாடுகளை வேறுபடுத்தி நோக்குதல் அவசியம். ஒன்று தோற்றத்தின் ஒருமைப்பாடு. மற்றையது அளவையின் ஒருமைப்பாடு. எடுத்துக்காட்டாக, ஒரு கம்பனியின் இலாபம் 96 கோடியிலிருந்து 100 கோடியாக உயர்ந்தது எனக் கொள்வோம். உயர்வு ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு வீதமே. சலாகை வரைபின் அச்சை 95இலிருந்து தொடங்கினால் இரண்டாவது சலாகை முதலாவதைப்போல் ஐந்து மடங்கு உயரமாகத் தோன்றும். நிறமும் எழுத்தும் விதிநூலின்படியே அமைந்திருக்கும், எண்ணும் பிழையன்று, எனினும் கண் ஏமாற்றப்படுகின்றது. சலாகை தன் நீளத்தாற் பேசுவதாகலின் அது பூச்சியத்திலிருந்தே எழுதல் வேண்டும். கோட்டு வரைபுக்கு இக்கட்டாயம் இல்லை. ஆயினும் அச்சு எங்கே தொடங்குகின்றது என்பது தெளிவாகப் புலப்படல் வேண்டும். நிறத்திற்கும் இது பொருந்தும். ஐரோப்பிய வழிவந்த ஆண்களுட் பன்னிருவரில் ஒருவருக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிதல் கடினம். இலச்சினை நிறங்கள் அவையே என்பதற்காக இலாபத்தையும் நட்டத்தையும் அவ்விரண்டினால் மட்டும் குறிப்பது, அத்தகையோரைப் புறக்கணிப்பதேயாகும்.

கம்பனியின் அறிக்கையும் ஒருவகை விளம்பரமே, அதனிடம் அறிவியலின் கண்டிப்பை எதிர்பார்த்தல் பேதைமை எனச் சிலர் வாதிடுவர். இவ்வாதம் வலுவானதன்று. “நான் நல்லவன்” என்று கூறும் விளம்பரத்தை நாம் ஐயத்தோடு கேட்கிறோம். வரைபோ “நீயே அளந்து பார்” என்கிறது. அளவையின் அதிகாரத்தைத் துணைக்கழைக்கிறது. அவ்வதிகாரத்தைக் கடன்வாங்குவோர் அதன் கடமையையும் ஏற்றல் வேண்டும். கொள்வதற்கு ஒரு கொத்தும் கொடுப்பதற்கு இன்னொரு கொத்தும் வைத்திருக்கும் வணிகனை, அவ்விரண்டிலும் ஒரே வர்ணம் பூசியிருக்கிறான் என்பதற்காக யாரும் நேர்மையாளன் எனக் கொள்ளார்.

ஆகவே ஒரு நிறுவனத்தின் வரைபு விதிகள் சோதனைக்குள்ளாவது வளம் பெருகிய ஆண்டிலன்று, வீழ்ச்சியுற்ற ஆண்டிலேயாம். சென்ற ஆண்டின் உயர்வைக் காட்டிய அதே அச்சு, அதே அளவுத்திட்டம், அதே அழுத்தமான நிறம் இவ்வாண்டின் சரிவையும் காட்டுமாயின், அவ்விதிநூல் பார்ப்போருக்கு அளித்த வாக்குறுதியாகின்றது. அன்றேல் அது முகப்பூச்சு மட்டுமே.

இப்பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேறும் நம்மிற் பலர் நாளை இத்தகைய அலுவலகங்களில் அமரப்போகின்றனர். “அச்சைச் சற்று மேலேயிருந்து தொடங்குங்கள்” என்னும் பணிப்புரை ஒரு நாள் அவர்கள் மேசைக்கும் வரக்கூடும். சிறிய கோரிக்கைதான், எந்த எண்ணையும் மாற்றச் சொல்வதன்று. பொய்யின் மிகப் பழகிய வடிவம் அதுவே என்பதை அவ்வேளையில் அறிந்திருத்தல், கல்வி நமக்குத் தந்த பயன்களுள் ஒன்றாக இருக்கட்டும்.