அறிவுக்கடன்

பிறர் உழைப்பினாற் பெற்றதை எடுத்தாளும் ஒருவர், அவருடைய பெயரைக் குறிப்பிடுவது பண்பாட்டின் பாற்பட்டதா, உண்மையின் பாற்பட்டதா? பண்பாடு மட்டுமே எனின், தவறியவரை மன்னித்து அப்பாற் செல்லலாம். பிரித்தானியத் தொழிற்கட்சியைச் சேர்ந்த றேச்சல் றீவ்ஸ் 2023ஆம் ஆண்டு வெளியிட்ட நூல் இவ்வினாவை மீண்டும் எழுப்பியது. நவீன பொருளியலை உருவாக்கிய பெண்களைப் பற்றியது அந்நூல். ஆண்களின் பெயர்களாலேயே எழுதப்பட்டுவந்த வரலாற்றில் மறைந்துபோன பெண்களுக்கு உரிய இடத்தை மீட்டளிப்பது அதன் நோக்கம்.

அந்நோக்கம் நியாயமானது என்பதற்கு மேரி பேலியின் வாழ்வு ஒன்றே போதும். 1874இல் கேம்பிறிட்ஜில் ஒழுக்கவியற் பரீட்சைக்குத் தோற்றியும் பெண் என்பதாற் பட்டம் பெறாதவர் அவர். தம் கணவர் ஆல்பிரட் மார்ஷலுடன் இணைந்து அவர் எழுதிய 'கைத்தொழிற் பொருளியல்' 1879இல் இருவர் பெயராலும் வெளிவந்தது. பின்னர் மார்ஷல் அந்நூலை வெறுத்தார்; 1892இல் தம் பெயரை மட்டுமே தாங்கிய வேறொரு நூலை அதன் இடத்தில் வைத்தார். பெண்களுக்குப் பட்டமளிப்பதை எதிர்த்தவர்களுள்ளும் அவர் ஒருவர். கேம்பிறிட்ஜ் பெண்களுக்கு முழுமையாகப் பட்டம் வழங்கியது 1948இலேதான். மேரி 1944இல் இறந்துவிட்டார். இங்கு எவரும் எவருடைய வாக்கியத்தையும் திருடவில்லை. ஒரு பெயர் மெல்ல வழக்கிறந்தது, அவ்வளவே.

ஹரியற் டெயிலரின் நிலை வேறு. 1848இல் வெளிவந்த தமது பொருளியல் நூலில், தொழிலாள வகுப்பினரின் எதிர்காலம் பற்றிய அத்தியாயம் அவராலேயே உருவானது என ஜோன் ஸ்டுவட் மில் தம் சுயசரிதையில் வெளிப்படையாகக் கூறினார். பின்வந்த அறிஞர் பலர் அதனை மனைவியை இழந்தவரின் மிகைப்புகழ்ச்சி என்று ஒதுக்கினர். கடனை ஒப்புக்கொள்பவர் ஒருவர் இருந்தாற் போதாது. அதனை நம்பும் வாசகரும் வேண்டும் போலும்.

இப்பின்னணியிலேயே றீவ்ஸின் நூலுக்கு நேர்ந்ததை நோக்கவேண்டும். அது வெளிவந்த வேளையிலேயே, விக்கிப்பீடியா முதலிய மூலங்களிலிருந்து பெயர் குறிப்பிடாது எடுக்கப்பட்டனவாகத் தோன்றும் இருபதுக்கு மேற்பட்ட பகுதிகளைப் 'பினான்சியல் ரைம்ஸ்' சுட்டிக்காட்டியது. சில வாக்கியங்களுக்கு உரிய மூலக்குறிப்பு இடப்படவில்லை என்பதை றீவ்ஸ் ஏற்றுக்கொண்டார். 2024 ஜூலையில் அவர் பிரித்தானியாவின் முதலாவது பெண் நிதியமைச்சரானார். இத்தவறு அப்பதவிக்குத் தடையாகவில்லை.

எடுக்கப்பட்டவை பெரும்பாலும் வாழ்க்கைக் குறிப்புகளே, அவை எவருடைய உடைமையுமல்ல என்று வாதிடலாம். ஆண்டும் பிறப்பிடமும் பொதுச்சொத்து என்பது மெய். ஆயின் அவற்றைத் தேடித் தொகுத்து வாக்கியமாக்கியது ஒருவருடைய உழைப்பு. கலைக்களஞ்சியத்தில் எழுதுவோர் பெயரறியப்படாதோர் என்பதால் அவ்வுழைப்பு குறைந்துவிடுமா? பெயரற்றோரின் உழைப்பு எவருடையதுமன்று என்ற இதே எண்ணமன்றோ பெண்களின் பெயர்களைப் பொருளியலிலிருந்து அகற்றியது! நூலாசிரியரின் குற்றத்தால் நூலின் வாதம் பொய்யாவதில்லை. மேரி பேலிக்கு இழைக்கப்பட்ட அநீதி, அதனை எவர் எடுத்துரைப்பினும் அநீதியே. எனினும், பெயர் குறிப்பிடாமை வாசகரிடம் ஒரு பொய்யைச் சொல்கிறது: இதனை உழைத்துக் கண்டவர் இன்னார் என்ற பொய். அவ்வகையில் இது பண்பாட்டுக் குறைபாடன்று, வரலாற்றுப் பிழை.

விடுபட்டவற்றை அடுத்த பதிப்புகளிற் சீர்செய்வதாகப் பதிப்பகத்தார் கூறினர். விற்பனையாகிவிட்ட பிரதிகளில் அவ்வாக்கியங்கள் அவ்வாறே இருக்கின்றன.