எவ்வளவு உப்பு?

துக்க வீட்டுக்குப் போகும்போது நம் எல்லோருக்கும் ஒரு பயம் உண்டு. 'போய் என்ன பேசறது?' வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மனசுக்குள் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொள்வோம்.

சில வருடங்களுக்கு முன், அப்படி ஒன்றைத் தயார் செய்துகொண்டு நண்பர் ஒருவரின் வீட்டுக்குப் போனேன். ஆறு வயதுப் பெண் குழந்தை, மூளைக் காய்ச்சலில் போய்விட்டது. ''கர்த்தர் தனக்குப் பிடிச்ச பூவை சீக்கிரமே பறிச்சுக்குவாரும்மா'' என்றேன்.

அழுதுகொண்டிருந்த தாய் நிமிர்ந்தார். ''எனக்கும் பிடிச்ச பூதானேண்ணா?''

என்னிடம் பதில் இல்லை. கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லைதான். ஆனால், அந்த வாக்கியம் அவருக்காகத் தயாரானது அல்ல. என் சங்கடம் தீரத் தயாரானது!

பைபிளில் வரும் யோபுவைத் தெரியும்தானே? சொத்து, பத்துப் பிள்ளைகள், உடல் நலம் எல்லாம் போய்ச் சாம்பலில் உட்கார்ந்திருக்கிறார். நண்பர்கள் மூன்று பேர் வருகிறார்கள். ஏழு பகல், ஏழு இரவு... ஒரு வார்த்தை பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதுவரை அருமையான நண்பர்கள். யோபு தன் வேதனையைக் கொட்டியதும் வாயைத் திறந்தார்கள். 'நீ ஏதோ பாவம் செய்திருக்கிறாய்' என்று கடவுளுக்கு வக்கீலாக வாதாடினார்கள். கடைசியில் அவர்கள் மேல் கோபப்பட்டது யார் தெரியுமா? அந்தக் கடவுளேதான்!

அப்படியானால், வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் நல்லதா? அதுவும் இல்லை.

யோவான் சுவிசேஷம், 11-ம் அதிகாரம். பெத்தானியாவில் லாசரு இறந்து நான்கு நாள் கழித்து இயேசு வருகிறார். சகோதரி மார்த்தாள் எதிரே போய், 'நீங்க இங்கே இருந்திருந்தா என் சகோதரன் செத்திருக்க மாட்டான்' என்கிறாள். கொஞ்ச நேரத்தில் இன்னொரு சகோதரி மரியாள் வருகிறாள். அவளும் அதையே சொல்கிறாள்.

மார்த்தாளிடம் இயேசு பேசுகிறார். உயிர்த்தெழுதலைச் சொல்லி நம்பிக்கை கொடுக்கிறார். காலில் விழுந்து அழும் மரியாளுக்கு அந்த விளக்கமெல்லாம் இல்லை. 'எங்கே வைத்தீர்கள்?' என்று மட்டும் கேட்கிறார். பிறகு, அவரும் அழுகிறார்.

இருவர் சொன்னதும் ஒன்றுதான். ஆள்தான் வேறு. அதனால் பதிலும் வேறு.

கொலோசெயருக்கு எழுதிய கடிதத்தில், நம் பேச்சில் உப்பின் சுவை இருக்க வேண்டும், ஒவ்வொருவருக்கும் எப்படிப் பதில் சொல்வதென்று தெரிந்திருக்க வேண்டும் என்கிறார் பவுல். அந்த 'ஒவ்வொருவருக்கும்' முக்கியம். சாம்பாருக்குப் போடுகிற உப்பை நோயாளியின் கஞ்சியில் போடலாமா?

அந்தத் தாயை அடுத்த கல்லறைத் திருநாளில் பார்த்தேன். இந்த முறை கையில் வாக்கியம் எதுவும் இல்லை. ''பாப்பா என்ன பாட்டும்மா பாடுவா?'' என்று கேட்டேன். அரை மணி நேரம் பேசினார். நடுவில் அழுதார், சிரிக்கவும் செய்தார். நான் 'ம்' கொட்டியதோடு சரி. கிளம்பும்போது, ''அவளைப் பத்தி யாருமே பேச மாட்டேங்கறாங்கண்ணா. நீங்களாவது கேட்டீங்களே'' என்றார்.

அடுத்த முறை துக்க வீட்டுக்குப் போனால், செருப்போடு சேர்த்து அந்த ரெடிமேட் வாக்கியத்தையும் வாசலிலேயே விட்டுவிடுங்கள். உள்ளே போய், முதலில் முகத்தைப் பாருங்கள்.