பந்தியில் பாதிப் பசி

கறிக்கோழிக் கொள்முதல் விலையைத் தீர்மானிக்கும் ஊர் பல்லடம். இங்கே விசைத்தறிக்குத் தார் சுற்றியே முதுமை கண்ட பாட்டிகள், பல் போனபின் ரசத்தில் கரைத்த சோற்றோடு சரி. முறுக்கைக்கூட உரலில் இடித்துத்தான் தின்ன வேண்டும்.

முழுப் பல்செட்டுக்குத் தனியார் கிளினிக்கில் பல ஆயிரம் ஆகும். முதியோர் உதவித்தொகையோ 2023-இல் உயர்த்தியபோதுகூட மாதம் 1,200 ரூபாய்தான் ஆனது. வசதியுள்ளவர் வேர் சிகிச்சை செய்துகொள்கிறார். இல்லாதவர் வலி பொறுக்காமல் பிடுங்கிக்கொள்கிறார். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. பல்செட் வருவதில்லை.

1867-இல் வடலூரில் தருமச்சாலை தொடங்கிய வள்ளலார், பசி தீர்ப்பதை ஜீவகாருண்யத்தின் தலையாய கடமையாக வைத்தார். இலையில் சோறு விழுந்ததும் அந்தக் கடமை முடிந்துவிடுமா?

பொக்கைவாய் தலைவிதி என்பார்கள். காசுள்ள வீட்டு வாசலோடு நின்றுவிடுவது எப்படி விதியாகும்? அன்னதானத்துக்கு நன்கொடை எழுதும் முதலாளிகள், அதே ரசீதில் பல்செட்டுக்கும் ஒரு வரி சேர்க்கலாம்.