தூங்கும் பிள்ளையின் சம்மதம்

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒரு படத்துக்கு என்ன மதிப்பு என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1946-இல் புகைப்படக்காரர் வெல்லிங் எடுத்த ரமணரின் முகம் கடைகளிலும் பூஜை மாடங்களிலும் இன்றும் இருக்கிறது. 1950 ஏப்ரலில், ரமணர் நோயுற்றிருந்த கடைசி நாட்களில், பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே பிரெசோன் இங்கே வந்து படமெடுத்தார். பிளாஷ் போடுவதை அறவே வெறுத்தவர் அவர். இருக்கிற வெளிச்சத்தில், இருக்கிறபடி எடுப்பதே அவர் வழி. தளர்ந்த ஓர் உடலுக்கு முன் கேமராவோடு நிற்பவருக்கு அந்தக் கூச்சம் வேண்டும். பிறந்து பத்து நாளே ஆன குழந்தையின் முன் நிற்பவருக்கு இன்னும் கூடுதலாக வேண்டும்.

பச்சிளங்குழந்தைப் படங்களைப் பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் எடுக்கிறார்கள். அப்போதுதான் பிள்ளை அசந்து தூங்கும், கைகால்களைச் சுருட்டிக்கொள்ளும். உள்ளங்கைகளில் தாடையை ஊன்றிப் பிள்ளை தவளைபோல் உட்கார்ந்திருக்கும் படத்தைப் பலரும் பார்த்திருப்பார்கள். அது உண்மையில் இரண்டு படம். ஒன்றில் பெரியவர் ஒருவர் தலையைத் தாங்குகிறார், இன்னொன்றில் மணிக்கட்டைத் தாங்குகிறார். பிறகு கணினியில் இரண்டையும் இணைத்து, தாங்கிய கைகளை அழித்துவிடுகிறார்கள். கழுத்து நிற்க மூன்று நான்கு மாதமாகும் பிள்ளை தானாக அப்படி உட்காராது. இதை அறியாமல் வீட்டில் செய்துபார்ப்பவர் குழந்தையின் மூச்சோடு விளையாடுகிறார். தாங்கும் கையைப் படத்திலேயே விட்டுவைத்தால் என்ன? அப்பாவின் கை தெரியும் படம் அழகில் குறைந்ததாகத் தோன்றவில்லை.

பச்சிளங்குழந்தையைப் படமெடுத்து வைக்கும் ஆசையைப் பகட்டு என்று ஒதுக்குவது நியாயமில்லை. பிரசவத்துக்கு ஊர் வரமுடியாமல் துபாயில் வேலை பார்க்கும் தகப்பன் இருக்கிறான். தூக்கமற்ற இரவுகளில் தன் பிள்ளையின் முதல் வார முகமே தாய்க்கு மறந்துபோகிறது. தாத்தா பாட்டி தலைமுறையில் பலருக்குக் குழந்தைப் பருவப் படம் ஒன்றுகூட இல்லை, அது இழப்புதான். ஆனால் தீட்டுக் கழியும்வரை வெளியாரைச் சேர்க்காத வீட்டு வழக்கத்தையும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. உடம்பு தேறாத தாய்க்கும் நோயெதிர்ப்பு குறைந்த பிள்ளைக்கும் அது தந்த ஓய்வு பெரிது. பிள்ளை பாலுக்கு அழுதால் வேலையை நிறுத்தி, தாய் சோர்ந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று மனமாரச் சொல்லத் தெரிந்தவரிடம்தான் பிள்ளையைக் கொடுக்கலாம்.

இந்த ஊரே பிள்ளையை எல்லாருக்கும் காட்டுகிற ஊராயிற்றே என்று கேட்கலாம். கார்த்திகை தீபத் திருவிழாவின் தேரோட்ட நாளில், வேண்டிப் பெற்ற குழந்தையைச் சேலையில் கிடத்தி, கரும்புத் தொட்டிலாகத் தோளில் சுமந்து மாட வீதிகளைச் சுற்றுகிறார்கள். அண்ணாமலையாரே மகனாக வந்தார் என்ற வல்லாள மகாராஜா கதையோடு சேர்ந்த நேர்த்திக்கடன் அது. அங்கே பிள்ளையைக் காட்டுவது கடவுளுக்கு. பார்த்த கூட்டமும் மாலையில் கலைந்துவிடும். இன்று அதே தொட்டிலை நூறு கைப்பேசிகள் பிடிக்கின்றன, பெற்றோர் அறியாமலே அந்த முகம் ஊர் தாண்டிப் போகிறது. நன்றியாகத் தொடங்கியது காட்சிப் பொருளாகிவிடுவதைக் கண்டு மனம் வலிக்கிறது.

நிர்வாணா இசைக்குழுவின் 1991 ஆல்பத்தின் அட்டையில் நான்கு மாதக் குழந்தை ஒன்று நிர்வாணமாக நீந்தியது. வளர்ந்தபின் 2021-இல் அவர் வழக்குத் தொடுத்தார், நீதிமன்றத்தில் அது நிற்கவில்லை. சட்டத்தில் தோற்றாலும், என்னைக் கேட்டீர்களா என்ற அவர் கேள்வி தோற்றுவிடவில்லை. பிரான்ஸ் 2024-இல் இயற்றிய சட்டம், பிள்ளையின் பட உரிமையைப் பெற்றோர் இருவரும் சேர்ந்து காக்க வேண்டும், வயதுக்கேற்பப் பிள்ளையையும் கேட்க வேண்டும் என்கிறது. இந்தியாவின் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர் விஷயத்தில் பெற்றோர் சம்மதத்தைக் கேட்கிறது. பெற்றோரே தம் சொந்த விருப்பத்துக்கு வெளியிடுவதை அது தொடுவதில்லை. அந்த இடத்தில் அவர்கள் மனசாட்சி மட்டுமே காவல். வீட்டு ஆல்பத்துக்கு எடுப்பதில் தவறில்லை. பிள்ளை பேசத் தெரிந்து சரி என்று சொல்லும்வரை அதை ஊருக்குத் திறந்துவைக்காமல் இருப்பதே முறை.

ஸ்டூடியோ நீட்டும் ஒப்பந்தத் தாளில், படத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம் என்ற வரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அதை அடித்துவிட்டுக் கையெழுத்திடலாம், அதற்காகத் தரும் தள்ளுபடி போனாலும்.